காலியாக இருந்த டியூப்

போன மாதம் லேபிலிருந்து தீபா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவள் அவள். போன் அடித்தாலே எனக்குப் பயம். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேதான் எடுப்பேன்.

"அக்கா, பயப்படாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல," என்றுதான் அவளும் ஆரம்பித்தாள். என்னைத் தெரிந்தவள். "யூரியா டெஸ்ட்ட நிறுத்தியாச்சு. புது மெஷின் வந்திருக்கு, ரத்தத்துல பதிமூணாம் நம்பர நேராவே அளந்து சொல்லிடுது. டிபார்ட்மென்ட் மலர் போடறாங்க. அந்த டெஸ்ட்டப் பத்தி நீங்க எழுதிக் குடுங்களேன்."

"நான் ஒன்பதாவதோட நின்னவ தீபா. டாக்டருங்க படிக்கிற புஸ்தகத்துல நான் என்னத்த எழுதறது?"

"உங்களுக்கு நடந்தத எழுதுங்க. டாக்டருங்க எழுதறத டாக்டருங்களே படிக்கிறதில்ல."

அதனால் எழுதுகிறேன். சந்தோஷமாகச் சொல்ல அந்த லேபில் எத்தனையோ நடந்தது. ஆனால் யூரியா டெஸ்ட் என்றால் என்னிடம் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை அதில் சம்பந்தப்பட்டவர்களுக்கும் என் வீட்டுக்காரருக்கும் தவிர வேறு யாருக்கும் நான் சொன்னதில்லை.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. அவருடைய நெஞ்சு கெட்டு வேலைக்குப் போக முடியாமல் ஆனபோது நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. கல்யாணமாகி பெங்களூர் மர்பி டவுனுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தர் மூலமாக ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த ஆராய்ச்சி லேபில் டியூப் கழுவும் வேலை கிடைத்தது. கழுவிய டியூபை எண்ணி அடுக்க வேண்டும். நான் மூன்று தரம் எண்ணுவேன். கதவுப் பூட்டையும் அப்படித்தான் இழுத்து இழுத்துப் பார்ப்பேன். ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் வத்சலா ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏன் மூணு தரம் எண்றே?"

"தப்பாயிடுமோன்னு பயம் டாக்டர்."

"நல்லது. தைரியசாலிங்க எல்லாம் மேல ஆபரேஷன் தியேட்டருக்குப் போகட்டும். எனக்கு பயந்தவங்கதான் வேணும்."

அடுத்த மாதமே கழுவும் அறையிலிருந்து உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். சில வருஷங்களில் டெஸ்ட்டுகளைச் செய்யவும் சொல்லிக்கொடுத்துவிட்டார். சர்டிபிகேட் ஒன்றும் கிடையாது. கை பழகியது, அவ்வளவுதான்.

டாக்டர் வத்சலாவின் குடும்பம் பல தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய தாத்தா மைசூர் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவராம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். அதனால் தமிழ் சரளமாகப் பேசுவார், ஆனால் எழுதவோ படிக்கவோ வராது. குள்ளமான உருவம். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப்வாட்ச் தொங்கும். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் லேபில் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வோம்.

ரத்தம் நிற்காமல் ஒழுகும் குழந்தைகளைப் பற்றித்தான் அவருடைய ஆராய்ச்சி. பல் விழுந்தால் மூன்று நாள் ரத்தம் வரும் குழந்தை, விழாமலே முட்டி வீங்கிக்கொள்ளும் குழந்தை. எங்கெங்கிருந்தோ வருவார்கள். அந்தந்தக் குழந்தையின் ரத்தத்தில் எது இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். எனக்குப் புரிவதற்காக அவர் ஒரு தரம் இப்படிச் சொன்னார்: "கட்டட வேலையில வரிசையா நின்னு செங்கல் கை மாத்துவாங்களே, பாத்திருக்கியா? ரத்தம் உறையறதும் அதே மாதிரிதான். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். நடுவுல ஒருத்தன் வரலன்னா செங்கல் மேல போகாது. ரத்தம் நிக்காது."

எந்த ஆள் வரவில்லை என்று பார்க்கத்தான் டெஸ்ட்டுகள். நீல மூடி டியூபில் கோடு வரை ரத்தம் எடுக்க வேண்டும். கோட்டுக்குக் கீழே நின்றால் அந்த ரத்தம் ஆகாது. உள்ளே இருக்கும் மருந்துக்கும் ரத்தத்துக்கும் கணக்கு ஒத்துவராமல் டெஸ்ட் பொய் சொல்லும். சுழற்றினால் ரத்தத்தின் சிவப்பு கீழே தங்கி, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா நிற்கும். அதை எடுத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிட்டு டியூபை சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடிக்கொண்டிருப்பது ஒரு நொடியில் சிலந்தி நூல் மாதிரி ஓர் இழை விடும். அந்த நொடியில் கடிகாரத்தை நிறுத்த வேண்டும். கண் சிமிட்டிவிடுவேனோ என்று பயந்து நான் மூச்சையும் பிடித்துக்கொள்வேன்.

டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. விடையை வாயால் சொன்னால் கேட்க மாட்டார். "சொல்லாதே. டியூபக் காட்டு," என்பார். டியூபை வெளிச்சத்தில் பிடித்துத் தானே பார்த்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுவார். 

இனி யூரியா டெஸ்ட். செங்கல் வரிசையில் பதிமூன்றாவது ஆள் கடைசி ஆள். அவன் செங்கல் தூக்குவதில்லை, சிமெண்ட் பூசுகிறவன். அவன் இல்லாவிட்டாலும் சுவர் எழும்பிவிடும். அதனால் மற்ற எல்லா டெஸ்ட்டும் நன்றாகவே வரும். ஆனால் பூசாத சுவர், சாய்ந்தால் விழுந்துவிடும். ரத்தம் நின்ற மாதிரி நின்று, ஒரு நாள் கழித்து மறுபடி ஒழுகும். இந்தக் குறை உள்ள குழந்தைக்கு முதலில் தொப்புளில்தான் காட்டும்.

பிளாஸ்மாவை அளந்து எடுத்து, கால்சியம் விட்டு, தொட்டியில் அரை மணி நேரம் வைத்தால் இளநீர் வழுக்கை மாதிரி வெளுப்பாக ஒரு கட்டி ஆகும். டியூபை விரலால் சுண்டினால் அது சுவரை விட்டுப் பிரியும். உப்புநீர் விட்டு இரண்டு தரம் கழுவி வடித்து, யூரியாக் கரைசலில் போட்டு மூட வேண்டும். பக்கத்திலேயே நல்ல ரத்தத்தில் செய்த இன்னொரு கட்டியும் அதே மாதிரி. வயலுக்குப் போடும் அதே யூரியாதான், சுத்தம் செய்தது. என் வீட்டுக்காரர், "ஸ்டெல்லா ஆஸ்பத்திரியில நாத்து நடறா," என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பார். மறுநாள் காலை டியூபைப் பார்த்து, கட்டி இருந்தால் நோட்டில் இங்கிலீஷில் 'இருக்கிறது' என்று எழுத வேண்டும். சிமெண்ட் பூசிய கட்டியை யூரியா ஒன்றும் செய்யாது. பூசாததைக் கரைத்துவிடும்.

நான் அந்த நோட்டில் எத்தனையோ தரம் எழுதியிருக்கிறேன். எல்லாம் 'இருக்கிறது', 'இருக்கிறது', 'இருக்கிறது' மட்டும்தான். இல்லாமல் போன கட்டியை நான் கண்ணால் கண்டதில்லை. அவ்வளவு அபூர்வமான குறை அது.

ஒரு தரம் மட்டும் டியூப் காலியானது. அது என் கையால் ஆனது. உப்புநீரை வடிக்கும்போது கட்டி வழுக்கிக்கொண்டு கழுவும் தொட்டிக்குள் போய்விட்டது. ரத்தம் மிச்சம் இல்லை. மூன்று வயதுப் பெண் குழந்தையை மறுபடி கூப்பிட்டு ஊசி குத்த வேண்டியதாயிற்று. "வேணாம் ஆன்ட்டி, வேணாம் ஆன்ட்டி," என்று அது என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. கடைக்கு ஆள் அனுப்பி ஒரு டீ வடிகட்டி வாங்கி வரச் சொன்னார். "இனிமே இது வழியாத்தான் வடிக்கணும். கட்டி விழுந்தா இதுல நிக்கும்," என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு தரமும் வடிகட்டி வைத்துத்தான் வடித்தேன். ஆனால் அந்தக் குழந்தையின் கும்பிட்ட கை மட்டும் என் தலையை விட்டுப் போகவில்லை.

பிறகு பல வருஷம் கழித்து, ஓசூர் ரோட்டில் இருக்கும் அத்திபெலே என்ற ஊரிலிருந்து ஒரு குழந்தை வந்தது. தொப்புள்கொடி விழுந்த இடத்திலிருந்து கசிந்துகொண்டே இருக்கும் ஆண் குழந்தை, பிறந்து பன்னிரண்டு நாள். அம்மா பெயர் செல்வி. சொந்த மாமனையே கட்டியவள். மாமன் முருகேசன் ஓசூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றி வரும் டெம்போ ஓட்டுகிறவர். இதற்கு முன் இரண்டு குழந்தைகள் பிறந்து இறந்துவிட்டன. ஒன்று நாலு மாதத்தில், ஒன்று ஒன்பதாம் நாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ரத்தம் எடுக்க டாக்டரே வார்டுக்கு வந்தார். நான் டியூப் பிடித்துக்கொண்டு நின்றேன். நர்ஸ் செல்வியிடம், "தொப்புள் துணிய விலக்குமா," என்றாள். செல்வி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"நான் தொட மாட்டேன் சிஸ்டர். மாமாவத் தொடச் சொல்லுங்க."

"பெத்தவ தொடாம வேற யாரு தொடுவாங்க?"

"நான் தொட்டுதான் முன்ன ரெண்டும் போச்சுன்றாங்க. கொடிய இழுத்துட்டேனாம்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். லேபுக்கு வந்ததும் என்னிடம், "எல்லா டெஸ்ட்டும் போடு. யூரியாவும் போடு," என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் மற்ற டெஸ்ட்டுகள் முடிந்தன. எல்லாம் நன்றாக இருந்தன. நாலரை மணிக்குக் கட்டியைக் கழுவி யூரியாவில் போட்டு, மிச்ச பிளாஸ்மாவை மூன்று சின்னக் குப்பிகளில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு பஸ் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வந்து டியூபை எடுத்தேன். காலியாக இருந்தது.

தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. பக்கத்து டியூபில் நல்ல கட்டி அப்படியே உட்கார்ந்திருந்தது. படித்தவர்களாக இருந்தால் அந்த நொடியில் ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார்கள். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: ஐயோ, மறுபடி கட்டியைக் கீழே விட்டுவிட்டேன். பன்னிரண்டு நாள் குழந்தை. குத்தின இடமெல்லாம் கசிகிற குழந்தை. என் தவறுக்கு அதை இன்னொரு தரம் குத்துவார்கள். மற்ற டெஸ்ட்டெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, இதுவும் அப்படித்தான் இருந்திருக்கும், இதுவரை எல்லாக் குழந்தைக்கும் அப்படித்தானே என்று மனசு சொல்லிக்கொடுத்தது. நோட்டை எடுத்து 'இருக்கிறது' என்று எழுதினேன். டியூபைக் கழுவிக் கவிழ்த்தேன்.

டாக்டர் அன்றைக்கு ஏதோ மீட்டிங் முடிந்து பதினொன்றரைக்குத்தான் வந்தார். வார்டிலிருந்து ரிப்போர்ட் கேட்டு இரண்டு தரம் ஆள் வந்துவிட்டது.

"அத்திபெலே குழந்தை?"

"இருக்கு டாக்டர்."

"டியூபக் காட்டு."

"கழுவிட்டேன் டாக்டர்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு நாளும் அப்படிச் செய்தவள் இல்லை. "நிச்சயமா இருந்துதா?" என்றார். தலையாட்டினேன். பேனாவை எடுத்து, சற்று நேரம் பிடித்துக்கொண்டே நின்று, பிறகு கையெழுத்துப் போட்டார். அப்போது கசிவும் நின்றிருந்தது. மத்தியானம் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இதை எழுதலாமா என்று கேட்க டாக்டருக்குப் போன் செய்தேன். இப்போது அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை; இரண்டு தரம் கத்திச் சொன்னேன். "எழுது," என்றார். "ஆனா நான் டியூபப் பாக்காம கையெழுத்துப் போட்டதையும் எழுது. அத விட்டுட்டு எழுதாதே." ஆகவே அதையும் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசையில் இருந்தேன். சாமியார் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். வீட்டில் கேஸை மூடினோமா, பின் கதவைச் சாத்தினோமா என்று ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்ப்பது என் புத்தி. அன்று அது லேபுக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை தொட்டியில் வைத்தேன். எடுத்தேன். சுண்டினேன். உப்புநீர் விட்டேன். வடிகட்டி வைத்து வடித்தேன். மறுபடி விட்டேன், வடித்தேன். யூரியா ஊற்றினேன். மூடினேன். பிறகு வடிகட்டியைக் கழுவினேன். கழுவும்போது அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். எப்போதும் பார்ப்பேன். அதில் ஒன்றுமே இல்லை.

வடிகட்டியில் ஒன்றும் இல்லை என்றால் கட்டி வெளியே போகவில்லை. வெளியே போகாத கட்டி டியூபுக்குள்தானே இருந்திருக்க வேண்டும்?

பாதிப் பூசையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று பின்னால் ஓடி வந்தார். ஆட்டோ பிடித்து மல்லேஸ்வரம் போனோம். டாக்டர் வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அந்த அத்திபெலே குழந்தை… நான் பொய் எழுதிட்டேன்."

பேப்பரை மடித்து வைத்தார். "டியூப்ல என்ன இருந்தது?"

"ஒண்ணுமில்ல டாக்டர்."

"ஒண்ணுமில்லன்னா?"

"தண்ணியாட்டம். தெளிவா."

"தூள்? நூல் மாதிரி ஏதாவது?"

"இல்ல."

"பக்கத்து டியூப்?"

"கட்டி அப்படியே இருந்துச்சு."

"வடிகட்டி?"

"அன்னிக்கே வெளிச்சத்துல பாத்துத்தான் கழுவினேன். அதுல ஒண்ணுமே இல்ல. கட்டிய கீழ விட்டுட்டேன்னு நெனச்சு பயந்துட்டேன் டாக்டர். கொழந்தைய மறுபடி குத்துவாங்களேன்னு…"

அவர் குரல் இறங்கியது. அவ்வளவு இறங்கி நான் கேட்டதே இல்லை. "ஸ்டெல்லா, அந்தக் காலி டியூப் ஒரு நாள் வரும்னுதான் இத்தனை வருஷமா இந்த டெஸ்ட்ட வெச்சிருக்கேன்."

நான் அழ ஆரம்பித்தேன். "அதெல்லாம் அப்புறம்," என்று எழுந்தார். "இன்னொரு தரம் டெஸ்ட் போடணும். ஆனா மொதல்ல கொழந்தை." ரத்த வங்கிக்குப் போன் செய்து, பதிமூன்றாம் நம்பர் அதிகமாக இருக்கும், உறைய வைத்த பிளாஸ்மாவை எடுத்து வைக்கச் சொன்னார். வார்டுக்குப் போன் செய்து விலாசம் கேட்டார். அத்திபெலே, பூ மண்டிக்குப் பின்னால் என்று மட்டும் எழுதியிருந்தது. கொடுத்திருந்த போன் நம்பர் ஒரு மருந்துக் கடையுடையது. ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை.

என் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டாக்டரே கார் ஓட்டினார். பூ மண்டி பக்கத்து டீக்கடையில் இறங்கிக் கேட்டேன். "டெம்போ ஓட்டற முருகேசன் வீடு எங்கண்ணா?"

"எந்த முருகேசன்? இங்க நாலு பேரு கீறான்."

"சின்னக் கொழந்தை…"

"ஓ, ரெண்டு புள்ளயும் செத்துப்போச்சே, அந்த முருகேசனா? அதோ, நீலக் கதவு."

செல்வி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து உடனே வாடியது. "காலைலேந்து பால் குடிக்கல சிஸ்டர். ஒரு மாதிரி மொனகிகினே கீது. இப்ப மொனகவும் இல்ல."

டாக்டர் குழந்தையின் உச்சிக்குழியில் விரல் வைத்தார். பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக இருந்தது. "கிளம்புங்க," என்றார்.

ஓசூர் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். முருகேசன் முன்னால் டாக்டர் பக்கத்தில்; பின் சீட்டில் செல்வி என் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். "நீங்களா தேடி வந்தீங்களே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்த ஆஸ்பத்திரில இப்டி வருவாங்க? சாமி மாதிரி வந்தீங்க." நான் கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. முன் சீட்டிலிருந்து டாக்டர் கண்ணாடியில் ஒரு தரம் என்னைப் பார்த்தார். ஆஸ்பத்திரி வரைக்கும் செல்வி என் கையை விடவில்லை.

குழந்தைக்குத் தலைக்குள் ரத்தம் கசிந்திருந்தது. முதலில் அந்தப் பிளாஸ்மாவை ஏற்றினார்கள், பிறகு ஆபரேஷன் செய்து ரத்தத்தை வெளியே எடுத்தார்கள். மறுநாள் டாக்டரும் நானும் ஒரு குப்பியை எடுத்து டெஸ்ட்டை மறுபடி போட்டோம். மதியச் சாப்பாட்டுக்குள் கட்டி போய்விட்டது. இந்தத் தரம் நோட்டில் சனிக்கிழமை வரியை ஒரு கோட்டால் அடித்து, கீழே 'இல்லை' என்று எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மேலதிகாரிகளுக்கு டாக்டர் நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினார், தன் பெயரையும் சேர்த்து. நான் ஆறு மாதம் கழுவும் அறைக்குத் திரும்பினேன். யூரியா டெஸ்ட்டை மறுநாள் காலைக்கு என்று விட்டுவிடாமல் போட்ட அன்றைக்கே மணிக்கு ஒரு தரம் பார்ப்பது என்ற விதி அன்றிலிருந்துதான் வந்தது.

குழந்தை பிழைத்தது. அந்தப் பையன் இப்போது ஓசூரில் காலேஜ் படிக்கிறான். மாதம் ஒரு தரம் மருந்து ஏற்றிக்கொண்டால் போதும், மற்றபடி ரத்தத்தால் தொல்லை இல்லை. வலது கையும் வலது காலும் மட்டும் அவன் சொன்னபடி முழுசாகக் கேட்பதில்லை. சனிக்கிழமையே மருந்து ஏற்றியிருந்தால் இது நடந்திருக்காதா என்று டாக்டரிடம் பல தரம் கேட்டிருக்கிறேன். எப்படியும் நடந்திருக்கும் என்று அவர் ஆறுதலுக்காகக்கூடச் சொன்னதில்லை. "தெரியாது ஸ்டெல்லா" என்பார். இன்றைக்கும் அதே பதில்தான்.

குழந்தை கண் திறந்து பால் குடிக்க ஆரம்பித்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "அவங்ககிட்ட சொல்லப் போறேன். நீயும் வா. நான்தான் பேசுவேன். நீ நில்லு, அவங்க கேட்டா பதில் சொல்லு."

வார்டுக்குப் பக்கத்து அறையில் முருகேசனும் செல்வியும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்கள். டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. என்ன டெஸ்ட், டியூப் காலியாக இருந்தது, லேபில் தப்பாக எழுதினோம், நான் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன், சனிக்கிழமை உங்களை வீட்டுக்கு அனுப்பியிருக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

முருகேசன் எழுந்துவிட்டார். "யாரு எழுதனது?"

"நான்தாண்ணா," என்றேன்.

"ஏம்மா, ஒரு நாளு முச்சூடும் ஊட்ல வெச்சிகினு இருந்தமே! நல்லாய்டுச்சின்னு தெருவுக்கே சாக்லேட் குடுத்தனே!" கை ஓங்கிக்கொண்டு வந்தது. நான் நகரவில்லை. அடித்துவிட்டால் நல்லது என்றுகூட இருந்தது.

"மாமா, உடு," என்றாள் செல்வி. அவள் என் பக்கமே திரும்பவில்லை, டாக்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப முன்ன போன ரெண்டும்? அதுங்களுக்கும் இதானா?"

"அந்த ரெண்டு பேரோட ரத்தம் நம்மகிட்ட இல்ல. ஆனா இதேதான்னு நான் நெனைக்கிறேன்."

"நான் கொடிய இழுத்ததால இல்லையா?"

"கொடிய இழுத்தா ஒரு சொட்டு வரும், நிக்கும். நிக்காம வந்ததுக்கு உன் கை காரணமில்ல. அது எனக்கு நல்லாத் தெரியும்."

"அந்த டியூப எனக்குக் காட்டுவீங்களா?"

ஒரு சொட்டு பிளாஸ்மாவையும் வீணாக்காதவர் டாக்டர். அந்தக் குழந்தைக்கு மருந்து ஏற்றுவதற்கு முன் எடுத்த பிளாஸ்மாவில் இன்னும் இரண்டு குப்பிதான் இருந்தது. அதில் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். செல்வியை லேபில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். இரண்டு டியூபையும் அவள் கண்ணுக்கு நேராக நிறுத்தினேன். முதலில் இரண்டு கட்டியும் ஒரே மாதிரி இருந்தன. பிறகு ஒன்றின் ஓரம் மங்கியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அவள் அசையவில்லை. முருகேசன் டீ வாங்கி வந்து நீட்டினார், அதையும் வாங்கவில்லை. கட்டி மெலிந்து, புகை மாதிரி ஆகி, ஒரு கட்டத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாமல், பிறகு இல்லாமல் போயிற்று.

"இது?" என்று மற்ற டியூபைக் காட்டினாள். "இது யாருது?"

லேபில் வேலை செய்கிறவர்களின் ரத்தத்தைத்தான் நல்ல ரத்தமாக வைப்போம். அந்த வாரம் என்னுடைய முறை. "என்னுதும்மா," என்றேன்.

அதை அவள் வெகு நேரம் பார்த்தாள். அப்போதுதான் முதல் முறையாக என் முகத்தையும் பார்த்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "அதெல்லாம் எனக்கு வாணாம்," என்றாள். "இப்ப டாக்டரு சொன்னாங்களே, என் கை காரணமில்லன்னு. அத தமிழ்ல ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. எங்க ஊட்லயும் தெருவுலயும் காட்டணும்."

டாக்டருக்குத் தமிழ் எழுத வராது. லேபில் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். லெட்டர்ஹெட்டை என் முன்னால் வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு வரியையும் நிறுத்தி, படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். இந்தக் குழந்தையின் ரத்தத்தில் பிறவியிலேயே ஒரு குறை இருக்கிறது. அந்தக் குறையால் ரத்தம் நிற்கவில்லை. தாய் தொட்டதாலோ குளிப்பாட்டியதாலோ கொடியை இழுத்ததாலோ இது வராது. இதற்கு முன் இறந்த இரண்டு குழந்தைகளுக்கும் இதே குறை இருந்திருக்கும் என்று நினைக்கிறோம். அவர்களின் சாவுக்கும் தாயின் கை காரணமல்ல.

"அதுங்க பேரையும் போடுங்க," என்றாள் செல்வி. "மொத புள்ள கார்த்தி."

எழுதினேன். "ரெண்டாவது?"

அவள் முருகேசனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். "அது பொண்ணு. ஒம்பது நாள்தானே இருந்துச்சு. பேரு வெக்கல."

பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

"காவேரின்னு எழுதுங்க," என்றாள்.

காவேரி என்று எழுதினேன். டாக்டர் அடியில் கையெழுத்துப் போட்டு, லேப் முத்திரை குத்தினார். மை காயும் வரைக்கும் செல்வி அந்தத் தாளை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.